பின்னால் அடித்த மணி

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில் இருந்த கிறிகோரியின் வீட்டுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று ரெலிபோன். மற்றது ஐந்து ஸ்பீக்கர்கள்.

ரெலிபோன் பழைய பெருமை. அது கிறிகோரிக்கும் அவன் மனைவி செலஸ்ரீனாவுக்கும் மட்டும் உரியதும் அல்ல. பலெர்மோவில் வீட்டோடு தங்கி வேலை செய்த எங்கள் பெண்கள் பாதிப் பேருக்கு அதுதான் இலக்கம். எந்த வீட்டு எஜமானிச் சிஞ்ஞோராவுக்கும் தன் வரவேற்பறையில் கொழும்பிலிருந்து மணி அடிப்பது பிடிப்பதில்லை. வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு. அந்த இரண்டு பொழுதிலும் பெண்கள் கிறிகோரி வீட்டில் வந்து இருப்பார்கள். ஊரில் உள்ளவர்களும் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அப்போதுதான் அடிப்பார்கள். பிறப்பு, இறப்பு, ஊரை விட்டு வெளிக்கிடப் பாஸ் கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் செலஸ்ரீனா வீட்டு நடையில், ஒரு முக்காலியின் மேல் இருந்த அந்தச் சாம்பல் நிறப் பெட்டி வழியாகத்தான் வந்தன. அழுவதற்கு வசதியாகப் பக்கத்தில் ஒரு கதிரையும் போட்டு வைத்திருந்தாள்.

ஸ்பீக்கர்கள் புதுப் பெருமை. பொலிதேயாமாப் பக்கம் ஒரு பணக்கார வீட்டில் கிறிகோரிக்கு வேலை. அந்த வீட்டு மகன் தனக்குப் பெரிதாக ஒரு செட் வாங்கியதும் பழையதைத் தூக்கி இவனிடம் கொடுத்துவிட்டான். ஒரு அம்ப்ளிபையர், முன்னுக்கு வைக்க மூன்று ஸ்பீக்கர், பின்னுக்கு இரண்டு. ஹெலிகொப்டர் முதுகுப் பக்கத்தால் வந்து தலைக்கு மேலால் போகும் என்று அந்தப் பெடியன் கையை வீசிக் காட்டினான். ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் போவதை ஆசைப்பட்டுக் கேட்கிற சனமும் உலகத்தில் இருக்கிறதே என்று கிறிகோரி நினைத்தான். ஆனாலும் செட்டை வாங்கிக்கொண்டான். பஸ்சில் மடியில் வைத்து, பிள்ளையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்தான்.

எவ்வளவு சத்தம் வைக்கவேண்டும் என்றும் அந்தப் பெடியன் சொல்லித்தான் விட்டான். படத்தில் கதைக்கிறவர்கள் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்டால் போதும், அதுதான் அளவு என்றான். நல்ல புத்திமதி. ஆனால் அவன் பார்த்தது நல்ல வீடியோ ரேப்புகள். எங்களுக்கு வந்த தமிழ்ப்படங்களோ லண்டனில் கொப்பி பண்ணி, பாரிசில் அந்தக் கொப்பியைக் கொப்பி பண்ணி, றோமில் இன்னொருவர் கைபட்டு வந்தவை. கதைப்பது கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். அதற்காகக் குமிழைத் திருப்பிக் கூட்டி வைத்தால், அடுத்த நிமிடம் பாட்டு வந்து சுவரை இடிக்கும். கீழ் வீட்டுக்காரர்கள் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்டத்துக்கு அவர்கள் போடுகிற கூச்சலுக்கு முன்னால் எங்கள் பாட்டு எந்த மூலைக்கு?

கிறிகோரியின் கவலை வேறு. பின்னுக்கு இருந்த இரண்டு ஸ்பீக்கரும் மூச்சு விடவில்லை. ஒன்றைச் சோபாவுக்குப் பின்னால் ஒரு மூலையிலும், மற்றதை நடைக்குப் போகிற வாசலுக்கு மேலேயும் ஆணி அடித்து மாட்டியிருந்தான். வயரைக் கழற்றிப் பூட்டினான், இடம் மாற்றினான், துடைத்தும் பார்த்தான். கொப்பியின் கொப்பியில் ஒற்றைச் சத்தம்தான் மிஞ்சியிருந்தது, பிரித்துப் பின்னுக்கு அனுப்ப அதில் ஒன்றும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. சத்தத்தைக் கூட்டினால் அவை முழித்துக்கொள்ளும் என்று நம்பினான். ஒவ்வொரு ஞாயிறும் குமிழ் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது.

"என்ன மச்சான், பாஸ்காத் திருநாள் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு, பின்னுக்கு உள்ளவை ரெண்டுபேரும் இன்னும் தவக்கால ஒறுத்தலோ?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பான் சூசைதாசன். கிறிகோரியோடு ஊரில் ஒரே வாசிகசாலையில் பேப்பர் பார்த்து வளர்ந்த சிநேகிதன். அவனுக்குப் பகிடி விட ஒரு ஆள் வேண்டும். அந்த வருடம் கிறிகோரி அகப்பட்டான்.

ஞானம்பிகை கிறிகோரி வீட்டுக்கு வருகிற பெண்களில் மூத்தவள். ஒரு கிழவிச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொண்டு அவள் வீட்டிலேயே தங்கியிருந்தாள். அவளுடைய கணவன் கோபாலசிங்கமும், பதினேழு வயது மகள் அபிதாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். லொட்ஜ் என்றால் தெரியும்தானே, பொலிஸ் பதிவு, திடீர் சோதனை, கதவு தட்டுகிற சத்தத்துக்கே உயிர் போய்வருகிற சீவியம். ஒரு வியாழன் கோபாலசிங்கம் போன் எடுத்து, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனிடம் மொஸ்கோ வழியாக இத்தாலிக்குப் போகிற குழுவில் ஒரே ஒரு இடம் இருக்கிறது என்று சொன்னார். பிள்ளையைத் தனியாகத்தான் அனுப்பவேண்டும். ஞாயிற்றுக்கிழமை திரும்ப எடுப்பார். அன்றைக்கே முடிவு சொல்லவேண்டும். அவள் ஓம் என்றால் பிள்ளை போகும், வேண்டாம் என்றால் நிற்கும். பெட்டைப்பிள்ளை விஷயம், தாய் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு ஞானம்பிகை சோபாவில் இருக்கவில்லை. நடை வாசலோரம் கதிரையைப் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ரெலிபோன் அவளுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில். அவளுடைய தலைக்கு மேலே அந்த ஊமை ஸ்பீக்கர்.

"இண்டைக்குச் சத்தத்தைக் குறைச்சு வையுங்கோ. ஞானக்காவுக்கு போன் வரும்," என்றாள் செலஸ்ரீனா, தேத்தண்ணித் தட்டோடு வந்தபடி.

"போன் அடிச்சால் கேக்காதே? எங்களுக்கென்ன செவிடே?" என்றான் கிறிகோரி. அவன் அப்போது அம்ப்ளிபையருக்கு முன்னால் குந்தியிருந்தான். வந்திருந்தது புதுப்படம். கொப்பியும் வழக்கத்தை விடத் தெளிவாக இருந்தது. இன்றைக்கு எப்படியும் பின்னுக்குள்ளவற்றைப் பேசவைத்து, சூசைதாசனின் வாயை அடைப்பது என்று முடிவு கட்டியிருந்தான். குமிழை முன்னொருநாளும் திருப்பாத இடத்துக்குத் திருப்பினான்.

படம் நடந்தது. சண்டை வந்தபோது யன்னல் கண்ணாடி கிலுகிலுத்தது. பாட்டு வந்தபோது செலஸ்ரீனா காதைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். பின்னுக்கு ஒரு முனகலும் இல்லை. சூசைதாசன் வேண்டுமென்றே திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

அப்போது ஒரு காட்சி. கதாநாயகிக்குக் கதாநாயகன் மேல் கோபம். அவன் அவளுக்கு ரெலிபோன் எடுக்கிறான். அவள் பக்கத்திலேயே நின்று, எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மணி அடிக்கிறது. முன் ஸ்பீக்கர்கள் மூன்றும் சேர்ந்து அடித்தன. திடீரென்று பின்னாலும் அடித்தது.

கிறிகோரி துள்ளி எழும்பினான். "பாத்தியளே! பின்னாலை கேக்குதே! டேய் சூசை, இப்ப சொல்லடா!"

சூசைதாசன் வாயைப் பிளந்தபடி வாசலுக்கு மேலே பார்த்தான். "ஓமடாப்பா. அந்த மாதிரி! வீட்டுக்குள்ளை அடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு."

ஞானம்பிகை கதிரையிலிருந்து பாதி எழும்பிவிட்டாள். ஒரு கை கதவு நிலையைப் பிடித்திருந்தது.

"இருங்கோ அக்கா, அது படத்திலை," என்றான் கிறிகோரி. சிரித்துக்கொண்டு சொன்னான். சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போலக் கையைத் தாழ்த்திக் காட்டியும் சொன்னான்.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு இருந்தாள்.

படத்தில் கதாநாயகி வயரைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குப் பிறகும் பின்னால் இன்னும் கொஞ்ச நேரம் அடித்துத்தான் நின்றது. "அது எக்கோ," என்று கிறிகோரி விளக்கம் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். படம் முடிந்தது, தேத்தண்ணி முடிந்தது. ஞானம்பிகை பஸ்சுக்கு நேரமாகும்வரை இருந்து பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, "லைன் கிடைச்சிருக்காது போல," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போனபின் கிறிகோரிக்கு அந்தச் சந்தோசத்தை இன்னொருதரம் அனுபவிக்கவேண்டும் போல இருந்தது. ரேப்பைப் பின்னுக்குச் சுற்றி அந்தக் காட்சியைப் போட்டான். கதாநாயகி நின்றாள், மணி அடித்தது, முன்னால் மட்டும். ஸ்பீக்கருக்குக் கீழே போய்க் காதை நிமிர்த்திக்கொண்டு நின்றான். மறுபடி சுற்றினான். வயரைப் பிடுங்கியதும் படத்தில் ஒரே அமைதி. எக்கோ இல்லை, ஒன்றும் இல்லை. கதாநாயகியின் மூச்சுத்தான் கேட்டது.

திரும்பி நடையில் இருந்த ரெலிபோனைப் பார்த்தான். அழுகிறவர்களுக்கென்று போட்டிருந்த கதிரையில் போய் இருந்தான்.

"என்ன, முகம் வெளிறிப்போச்சு?" என்று கேட்டாள் செலஸ்ரீனா.

"ஒண்டுமில்லை. சத்தம் கேட்டுத் தலையிடி."

சொல்லியிருக்கலாம். அந்த நிமிடமே சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய், சிஞ்ஞோரா வீட்டு மணியை அடித்து, அக்கா பிழை நடந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோபாலசிங்கம் தங்கியிருந்த லொட்ஜில் ரெலிபோன் இல்லை, இங்கிருந்து திருப்பி எடுக்க வழியில்லை. அவர் நாளைக்குத் திரும்ப எடுக்கமாட்டாரா, எடுப்பார் என்று கிறிகோரி தன்னைத் தானே சமாதானப்படுத்தினான். பயந்தவனுக்கு இப்படி ஆயிரம் நியாயம் வரும்.

வியாழக்கிழமை மணி அடித்தது. ஞானம்பிகைதான் எடுத்தாள். கிறிகோரி வாசலில் நின்றான். அவள் "ஓம்... ஓம்..." என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "லைனிலை ஏதும் பிழையாக்கும்," என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு எழும்பாமல் இருந்தாள்.

"ஞாயிற்றுக்கிழமை எடுத்தவராம். கனநேரம் அடிச்சதாம். ஒருத்தரும் எடுக்கேல்லையாம். ஏஜென்சிக்காரன் பக்கத்திலை நிண்டு அவசரப்படுத்தினவனாம். போன் எடுக்கிற கடையும் பூட்டிற நேரமாம்." கைப்பையின் பட்டியைத் தடவியபடி சொன்னாள். "அனுப்பிப்போட்டார்."

"ஐயோ, நாங்கள் எல்லாரும் இஞ்சைதானே இருந்தனாங்கள்!" என்றாள் செலஸ்ரீனா. "போன் அடிக்கவே இல்லையே. சத்தியமா அடிக்கேல்லை அக்கா. இஞ்சேருங்கோ, நீங்களும் சொல்லுங்கோவன்."

கிறிகோரி சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஓம், அடிக்கேல்லை," என்றான்.

அந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மொஸ்கோவிலிருந்து ஏஜென்சிக்காரன் ஒருதரம் கோபாலசிங்கத்துடன் கதைத்தானாம், பிள்ளை சுகம் என்றானாம். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. வாரங்கள் போயின. நகரத்தை வெக்கை பிடித்தது. ஞானம்பிகை வியாழனும் ஞாயிறும் தவறாமல் வந்து கதிரையில் இருந்தாள், ஒருவரையும் நொந்துகொள்ளவில்லை. அவள் ஏசியிருந்தால் கிறிகோரிக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அம்ப்ளிபையர் பழுது என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டான். மேலே ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடினான். கொஞ்ச நாளில் சூசைதாசன் வேறு வீடு பார்த்துப் படம் பார்க்கப் போய்விட்டான்.

ஒரு சனிக்கிழமை கபோவில் உள்ள கோவிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழந்தாளிட்டான். தமிழ்ச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். அன்றைக்கு இருந்தது ஒரு இத்தாலியக் கிழவர். கிறிகோரியிடம் இருந்த இத்தாலியன் தரை துடைக்கவும், மீன் வாங்கவும், கெஸ்தூராப் பொலிஸ் கந்தோரில் வதிவிட அனுமதியான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கவும் போதுமானது. இதற்குப் போதவில்லை. வீட்டில் படம் போட்டேன், சத்தத்தைக் கூட்டி வைத்தேன், ஒரு பெண்பிள்ளை போய்விட்டது என்று எப்படியோ சொல்லி முடித்தான். சாமியார் கொஞ்சம் யோசித்தார். அயலவர்களுக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது மகனே, சத்தத்தைக் குறைத்து வை என்றார். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். கிறிகோரி மூன்றையும் சொன்னான், அதற்கு மேலும் சொன்னான். பாரம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அதற்கடுத்த வியாழன் செலஸ்ரீனா வேலைக்குப் போயிருந்தாள். மற்றப் பெண்கள் வெயிலுக்குப் பயந்து இன்னும் வரவில்லை. ஞானம்பிகை மட்டும் வந்தாள். கதிரையில் இருந்து, விரிப்பால் மூடியிருந்ததைப் பார்த்தாள்.

"தம்பி, அது மெய்யாவே பழுதோ?"

கிறிகோரி வாயைத் திறந்தான். பழுது என்று சொல்லத்தான் திறந்தான். வந்தது வேறு.

"அக்கா, அண்டைக்கு அடிச்சது போன்தான். கொழும்பிலை இருந்து அண்ணைதான் எடுத்தவர். நான் ரேப்பைப் போட்டுப் பாத்தனான். படத்திலை பின்னாலை ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அடிக்கேல்லை எண்டு பொய் சொன்னனான். நீங்கள் எழும்பினீங்கள், நான்தான் இருங்கோ எண்டு..." மேலே வரவில்லை. பெரிய ஆம்பிளை, தரையில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

ஞானம்பிகை மடியில் இருந்த கைப்பையைக் கீழே வைத்தாள். கீழே தெருவில் ஒருவன் ஐஸ் விற்றுக்கொண்டு போனான்.

"எனக்கும் தெரியும்," என்றாள்.

கிறிகோரி கையை எடுத்தான்.

"எத்தினை வருசம் இந்தக் கதிரையிலை இருந்திருப்பன்? இந்த மணி எனக்குத் தெரியாதே? முதல் அடியிலையே தெரியும்." அவள் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "அந்தக் கிழமை முழுக்க நான் நித்திரை கொள்ளேல்லை. அனுப்பு எண்டு சொல்லி வழியிலை ஒண்டு நடந்தால் நான் சொன்னது. அனுப்பாதை எண்டு சொல்லி அங்கை ஆமிக்காரன் பிடிச்சால் அதுவும் நான் சொன்னது. என்ன சொல்லுறது எண்டு தெரியாமல்தான் அண்டைக்கு இஞ்சை வந்தனான். மணி அடிக்க எழும்பினன். நீங்கள் இருங்கோ எண்டியள். கடவுளே எண்டு இருந்திட்டன்."

"அக்கா..."

"இருங்கோ எண்டு நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் போனை எடுத்திருப்பனோ எண்டு கேக்காதேங்கோ. அது எனக்கே தெரியாது." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இவ்வளவு நாளும் நீங்கள் என்னைப் பாக்கேக்கை எல்லாம் நான் நினைச்சனான், இந்தப் பெடியன்ரை தலையிலை என்ரை பாவத்தை ஏத்திப்போட்டு இருக்கிறன் எண்டு. சொல்ல வாய் வரேல்லை."

ஒருவர் பாவத்தில் மற்றவர் பாதியை எடுத்துக்கொண்டால் பாரம் குறையும் என்பார்கள். கிறிகோரிக்குக் குறையவில்லை. ஆனால் தனியாகத் தூக்குகிற மாதிரி இல்லை.

ஞானம்பிகைதான் முதலில் எழும்பினாள். "அந்தச் சீலையை எடுங்கோ. பெடி பெட்டையள் ஞாயிற்றுக்கிழமையிலை போக இடமில்லாமல் திரியுதுகள். படத்தைப் போடுங்கோ. ஆனால் போன் அடிச்சால் போன் எண்டு கேக்கவேணும். அந்த அளவுக்குத்தான் சத்தம்."

"எந்த அளவெண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் கீழை போய் மூலை ரெலிபோன் பூத்திலை இருந்து அடிக்கிறன். நீங்கள் படத்தைப் போட்டுச் சரிபாருங்கோ. எடுக்காதேங்கோ, என்ரை கார்ட்டு வீணாப்போகும். சும்மா அடிக்க விடுங்கோ."

அவள் படியிறங்கிப் போனாள். கிறிகோரி விரிப்பை எடுத்தான். அதே ரேப்தான் உள்ளே இருந்தது. சண்டைக் காட்சி ஒன்றைத் தேடிப் போட்டு, குமிழை அன்றைக்குத் திருப்பிய இடத்துக்கே திருப்பினான். கண்ணாடி கிலுகிலுத்தது. செலஸ்ரீனாவின் நகப்பூச்சுப் போத்தலைத் திறந்து கையில் தயாராக வைத்துக்கொண்டான்.

மணி அடித்திருக்கவேண்டும், ஆனால் அவனுக்குக் கேட்டது சண்டைதான். குறைத்தான். எங்கேயோ ஏதோ அடிப்பது போல இருந்தது. இன்னும் குறைத்தான். படத்தில் அடி வாங்குகிறவனின் முனகல் மெலிந்து, பின்னால் மணி தனியாகப் பிரிந்து கேட்டது. படத்தின் மணி அல்ல, வீட்டு மணி. அந்த இடத்தில் குமிழுக்கு நேரே சிவப்பாக ஒரு பொட்டு வைத்தான். குமிழ் பாதி கூட ஏறியிருக்கவில்லை.

வேலை முடிந்தது. இனி அவள் வைத்துவிடுவாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் அந்த மணியை இன்னொருதரம் அடிக்க விட்டுக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. ஓடிப்போய் எடுத்தான்.

"அக்கா, சரி. நல்லாக் கேக்குது."

வெஸ்பா ஒன்று போகிற சத்தம் கேட்டது. அவளுடைய மூச்சும் கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றது அவள் குரல். அவனுக்குச் சொல்கிற குரல் இல்லை அது, கொழும்பில் இருந்தவருக்குச் சொல்கிற குரல். "இஞ்சேருங்கோ, பிள்ளையை அனுப்பாதேங்கோ. எனக்கிட்டை வராட்டிலும் பரவாயில்லை, உங்களோடையே இருக்கட்டும். அனுப்பாதேங்கோ."

கிறிகோரியால் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ஓம்," என்றான்.

அந்தப் பக்கம் அவள் அழத் தொடங்கினாள். அவனும் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பிறகு, இந்த நேரம் பார்த்து அபிதா எங்கிருந்தாவது போன் எடுத்தால் லைன் கிடைக்காதே என்ற நினைவு வந்தது. "அக்கா, வையுங்கோ, லைன் சும்மா கிடக்கட்டும்," என்று சொல்லி, அவசரமாக ரிசீவரை வைத்தான்.